நான் கேட்காத ஏலம்

ஆகஸ்ட் 3, திங்கள்

வக்கீல் ஆவுடையப்பன் இன்று கோர்ட் வாசலில் வைத்துச் சொன்னார்: "மேடம், இனிமே யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு தேதி போட்டு எழுதி வச்சுக்கிடுங்க. நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்டா ஞாபகம் வேணும்லா." அதனால்தான் இந்த டயரி. ஹாஸ்டலில் மிச்சமாகக் கிடந்த போன வருடத்து டயரி. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீடும் பின்தோட்டமும் சேர்த்துப் பதினாலு செண்ட். அப்பா உயில் எழுதாமலே போய்விட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் ஜெபசிங் அண்ணன்; மனைவி பொன்ராணி மைனியோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். நடுவில் நான், ஹெப்சிபா. கடைசித் தங்கை பியூலா, மஸ்கட்டில் நர்ஸ்; அவள் வீட்டுக்காரர் எட்வின் இங்கே ஊரில். "வீடு எனக்கு இருக்கட்டும், உங்களுக்கு ஏதாவது பாத்துத் தாரேன்" என்றார் அண்ணன். அந்த 'ஏதாவது' எனக்குப் பிடிக்கவில்லை. பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். ஆறு வருடமாக அண்ணனோடு பேச்சு இல்லை.

இன்று உத்தரவு. வீட்டை மூன்றாக வெட்ட முடியாது என்று கோர்ட் அனுப்பிய கமிஷனர் அறிக்கை கொடுத்துவிட்டார். ஆகவே அக்டோபர் 21 அன்று கோர்ட்டிலேயே ஏலம். பங்காளிகள் மூன்று பேர் மட்டும் கேட்கலாம். அதிகம் கேட்கிறவருக்கு வீடு. மற்ற இருவருக்கும் அந்தத் தொகையில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. யாரும் கேட்காவிட்டால் வெளியாட்களுக்குப் பொது ஏலம்.

உத்தரவை வாசித்தபோது அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் வக்கீலின் குமாஸ்தாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். இந்த நேரத்தில் என்ன சிரிப்பு?

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் காபி போட்டு வைத்திருந்தார். மின்வாரியத்திலிருந்து ரிட்டயர் ஆன பிறகு இவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. என் அலைச்சலைப் பார்த்து மனசு இளகியிருக்கும்.

ஆகஸ்ட் 6

ஹாஸ்டலில் மோட்டார் ரிப்பேர். முந்நூறு பெண்களுக்கு ஒரு லாரித் தண்ணீர். இத்தனை வருடம் துணை வார்டனாக இருந்ததில் ஒன்று படித்திருக்கிறேன். அக்கா கல்யாணம் என்று லீவு கேட்பவளிடம் மாப்பிள்ளை பெயரைக் கேட்க வேண்டும். இன்று ஒருத்தி பெயருக்கு யோசித்தாள். லீவு இல்லை என்று அனுப்பிவிட்டேன். என்னை ஏமாற்றுவது லேசில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் பியூலா போன் செய்தாள். அவள் சார்பில் ஏலம் கேட்கவும் கையெழுத்துப் போடவும் எனக்குப் பவர் எழுதி அனுப்பியிருக்கிறாள். அது வந்து சேர்ந்ததா என்று கேட்டாள்.

"வந்துட்டு. எதுக்கும் ஒரு தடவ நீயே வக்கீல்கிட்ட பேசிரு" என்றேன்.

"எனக்கு என்னக்கா தெரியும்? நீ பாத்துக்க. நீ எடுத்தாலும் சரி, அண்ணன் எடுத்தாலும் சரி. எனக்கு என் பங்கு வந்தாப் போதும். முட்டு ரெண்டும் போச்சுக்கா. வார்டுல நின்னு நின்னு படி ஏற முடியல. இந்தப் பணம் வந்தா வேலைய விட்டுட்டு ஒரேயடியா வந்துருவேன். எட்வின் மார்த்தாண்டத்துல ஒரு சின்ன வீடு பாத்து வச்சிருக்காரு."

இவளைப் போல எல்லாரையும் நம்பினால் இந்த உலகத்தில் பிழைக்க முடியாது. சின்ன வயதிலும் அப்படித்தான். கண்ணை மூடு என்றால் மூடிக்கொள்வாள்.

ஆகஸ்ட் 18

விலை மதிப்பிடும் எஞ்சினியர் அறிக்கை வந்துவிட்டது. ஏலத்தின் ஆரம்ப விலை தொண்ணூறு லட்சம். வக்கீலே புருவத்தைத் தூக்கினார். "வெளிய வித்தா இதுக்கு ரெண்டு மடங்கு போகும் மேடம். கவர்மெண்ட் கைடுலைன் விலைய வச்சு எழுதிட்டாரு."

எஞ்சினியர் அளக்க வந்த அன்று மைனி மீன்குழம்பு வைத்தாளாம். அப்பா வீட்டுக்கு எதிர்வீட்டு ரோஸ்லின் சொன்னாள். மீன்குழம்புக்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். விலை குறைந்தால் வாங்குகிறவனுக்குத்தான் லாபம். வாங்கப்போவது யார்? அண்ணன்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நாம எடுத்துருவோம்" என்றார்.

"என்னத்த வச்சு எடுக்க?"

"ஆள் இருக்கு. நான் பேசுதேன்."

ஆகஸ்ட் 25

அந்த ஆள் வந்தார். பெயர் கனகவேல். பெருமாள்புரம் பக்கம் நாலு அடுக்குமாடி கட்டியிருக்கிறாராம். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எதைச் சொன்னாலும் முதலில் "தப்பா நெனைக்காதீங்கக்கா" என்கிறார்.

அவர் சொன்னது இது: ஏலத்தில் நான் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மற்ற இருவரின் பங்குக்கும் அவர் கடன் தருவார். வீடு எங்களுக்கு வந்ததும் பின்தோட்டம் எட்டு செண்டை அவருக்கு எழுதிக் கொடுத்துக் கழிக்க வேண்டும். அதற்கு மேல் கடன் நின்றால் மாடியோடு முன்வீடு ஈடாக இருக்கும்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒங்க அண்ணன் எடுத்தா ஒங்கள வாசல்ல நிக்க விடுவாரா?"

அது உண்மைதான். ஆனாலும் நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். நான் யாரையும் உடனே நம்புகிறவள் இல்லை என்பதை அவரும் பார்த்துக்கொள்ளட்டும்.

கிளம்பும் முன் பாத்ரூம் போக வேண்டும் என்றார். நான் வழி சொல்ல எழுந்திருப்பதற்குள், சமையலறை தாண்டி, பீரோவைச் சுற்றிக்கொண்டு நேரே போய்விட்டார். எங்கள் வீட்டு பாத்ரூம் அப்படி எளிதில் கண்ணில் படாது. சரி, வீடு கட்டுகிறவர். எது எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 4

இவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தங்க நிறத்தில் மெல்லிய பிரேம். "ஆபர்ல குடுத்தான்" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 12, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் இவர், கூட வேலை பார்த்த நண்பரின் புதுமனை புகுவிழாவுக்கு நாகர்கோவில் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு ஹாஸ்டலில் அரைநாள். அண்ணனுக்கு ஏலப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு ஆட்டோ பிடித்து அப்பா வீட்டுக்கு எதிரே இருக்கும் ஜூஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தேன்.

இரண்டாவது சாத்துக்குடி ஜூஸ் குடிக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கனகவேல் இறங்கினார். அண்ணன் கேட்டைத் திறந்து, தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டில் டீ குடித்த வாயோடு அங்கே போய்ப் பேசுகிறான்!

முன்சீட்டில் இன்னொருவர் இருந்தார். முதலில் இறங்கவில்லை. அண்ணன் திரும்ப வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகு இறங்கி, குனிந்த தலையோடு உள்ளே போனார். நீலக் கட்டம் போட்ட சட்டை. இவரிடமும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தள்ளுபடியில் போட்டிருந்தார்கள், ஊரில் பாதிப் பேர் அதை எடுத்திருப்பார்கள்.

சாயங்காலம் இவர் நேந்திரம் சிப்ஸோடு வந்தார்.

"வீடு எப்படி இருந்துச்சு?"

"நல்லா கட்டியிருக்கான். மூணு பெட்ரூம்."

சிப்ஸ் பையில் பாளை மார்க்கெட் கடைப் பெயர் போட்டிருந்தது. நாகர்கோவிலிலிருந்து வரும் வழியில் மறந்திருப்பார். இங்கே இறங்கி வாங்கியிருப்பார். சிப்ஸ் புதுசாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 13

நீலச் சட்டையை ஊறப் போட்டேன்.

செப்டம்பர் 20

அண்ணனுக்கும் கனகவேலுக்கும் என்ன ஒப்பந்தம்? என்னிடம் பேசி என் உச்ச விலையைத் தெரிந்துகொண்டு அண்ணனிடம் சொல்கிறானா? அப்படியானால் அண்ணன்தான் அவனை என்னிடம் அனுப்பியது. மைனியின் யோசனையாக இருக்கும். அவளுக்கு அந்த மூளை உண்டு.

இவரிடம் கேட்டேன், "அந்தக் கனகவேல எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள்தான" என்று சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 27, ஞாயிறு

கோயிலில் அசனம். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் என்பதால் போகாமல் இருக்க முடியாது. இவர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் காரியக் கமிட்டி ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். நான் கடைசிப் பந்தி. இலை போட்ட பிறகு பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். திரும்பினால் அண்ணன்.

எழுந்து போயிருப்பேன். ஆனால் சோறு விழுந்துவிட்டது. அசனச் சோற்றை விட்டு எழுந்திருப்பது மரியாதை இல்லை.

"ஏட்டி, கறி இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா?" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"வேண்டாம்."

"ஜூஸ் கடையில அம்புட்டு நேரம் உக்காந்திருந்தியாமே. மைனி மாடியில துணி காயப்போடும்போது பாத்திருக்கா. உள்ள வந்திருக்கலாம்லா."

இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

"எனக்குப் பணம் யார் குடுக்கான்னு பாக்கத்தான வந்த? பாத்துட்ட. இப்ப நீ சொல்லு. ஒனக்கு யார் குடுக்கா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லாண்டாம். கனகவேல்தான்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அவன்தாம்ட்டி. ஒனக்குச் சொன்ன அதே கணக்குதான் எனக்கும். பின்தோட்டம் அவனுக்கு, மிச்சக் கடனுக்கு வீடு ஈடு. நீயும் நானும் வீம்புக்கு ஏத்திக்கிட்டே போவோம். வெல ஏற ஏறக் கடனும் ஏறும். கடைசியில யார் எடுத்தாலும் வீடு அவனுக்குத்தான். நான் போன வாரந்தான் ஒக்காந்து யோசிச்சேன். அதுவரைக்கும் ஒன்ன ஜெயிக்கணும்னு மட்டுந்தான் இருந்துச்சு."

நான் இலையில் சோற்றைப் பிசைந்தேன்.

"ஒன் வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா? அவருதான அவன எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு. மொதல்ல ஜூன்லயே வந்தாரு."

ரசம் வந்தது. வாங்கிக்கொண்டேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

செப்டம்பர் 28

ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் காய்கறி போடுகிறவனை மாற்ற வேண்டும். தக்காளி பாதி அழுகல்.

அண்ணன் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். குடும்பத்தைப் பிரித்துவிட்டால் நான் தனியாகிவிடுவேன் அல்லவா?

ஜூன் மாதம். உத்தரவு வருவதற்கு முன்பே.

அக்டோபர் 3, சனி

ஹாஸ்டலுக்குப் போவதாக இவரிடம் சொல்லிவிட்டு அப்பா வீட்டுக்குப் போனேன். மைனி வாசலுக்கு வந்து கையைப் பிடித்தாள். மெலிந்திருக்கிறாள். காபியில் சீனி குறைவாகப் போட்டிருந்தாள். எனக்குச் சீனி குறைவு என்பதை மறக்கவில்லை. காரியம் ஆக வேண்டியிருந்தால் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

அண்ணன் சுற்றி வளைக்காமல் பேசினார். "நாம ரெண்டு பேரும் சேந்துட்டா அவன் காசே வேண்டாம். ஒருத்தர் மட்டும் கேப்போம். இன்னொருத்தர் வாயத் தொறக்கக் கூடாது. ஆரம்ப வெலைக்கு ஒரு லட்சம் மேல வச்சு எடுத்துட்டா, நம்ம ரெண்டு பங்கும் நம்மகிட்டயே நிக்கும். பியூலாவுக்கு மட்டும் குடுத்தாப் போதும். முப்பது சொச்சம். நான் இருபது பொரட்டிருவேன், நீ ஒரு பத்து போடு. வீடு ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி."

"யார் கேக்கது?"

"நீ கேளேன். நான் சும்மா இருக்கேன்."

இதில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நான் கேட்டால், கடைசி நேரத்தில் அண்ணன் வாயைத் திறந்து விலையை ஏற்றலாம். அண்ணன் கேட்டு நான் சும்மா இருந்தால், வீடு அவர் பெயருக்குப் போய்விடும். அப்புறம் பாதி தர மாட்டேன் என்று சொல்லலாம். எந்தப் பக்கம் போனாலும் அவரை நம்ப வேண்டியிருக்கிறது. நான் கேட்க ஆரம்பித்தால் ஏலம் நடக்கும்போது இவர் பக்கத்தில் நின்று 'மேல போ, மேல போ' என்பார். அதுதான் முக்கியமாகப் பட்டது.

"நீங்களே கேளுங்க. ஆனா பாதி எனக்குன்னு மொதல்லயே எழுதித் தரணும்."

"மொதல்ல எழுதுனா கோர்ட்ல செல்லாதும்மா. யாராவது எடுத்துக் காட்டுனா ஏலமே ரத்தாயிரும். முடிஞ்சப்பறம் தாரேன். அப்பா மேல ஆணையா."

மைனி காபி டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "பியூலாட்ட சொல்லாண்டாமா? அது பாவம்லா, அங்க கெடந்து லோல்படுது. நீங்க ரெண்டு பேரும் மோதுனா அதுக்குல்லா கூடக் கெடச்சிருக்கும்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். கோர்ட் போட்ட விலையில் அவளுக்கு முழுப் பங்கு போகிறது. சல்லிக் காசு குறையாது. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? போனில் சொன்னால் எட்வின் காதுக்குப் போகும், எட்வின் நாலு பேரிடம் சொல்வார், கனகவேலுக்குத் தெரியும். வீடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மைனிக்குத் திடீரென்று பியூலா மேல் என்ன பாசம்? கவனிக்க வேண்டும். பியூலாவைத் தூண்டிவிட்டுக் காரியத்தைக் கெடுத்துப் பொது ஏலத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாளோ என்னவோ.

அக்டோபர் 11

பியூலாவிடமிருந்து வாட்ஸ்அப் குரல் செய்தி. "அக்கா, நோட்டீஸ் குடுத்துறட்டுமா? ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும். எவ்வளவு வரும்னு ஒரு உத்தேசமா சொன்னேன்னா எட்வின் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருவாரு. ரோஸ்லின் அக்கா சொன்னா, பக்கத்து எடம் செண்டு பதிமூணு லட்சத்துக்குப் போச்சாமே?"

இந்த ரோஸ்லினுக்கு வேறு வேலை கிடையாது.

'அவசரப்படாதே. ஏலம் முடியட்டும்' என்று எழுதி அனுப்பினேன். இதயம் போட்டுப் பதில் அனுப்பினாள்.

அக்டோபர் 20

நாளை ஏலம். இவர் ஒரு தாளில் தொகைகளை எழுதி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் ஒன்று கேட்டால் நான் ஐந்து ஏற்ற வேண்டுமாம், தயங்கக் கூடாதாம், ஒரு கோடியே எழுபது வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாமாம். கனகவேலின் கடன் பத்திரத்தை எடுத்து வைத்தார். "இன்னைக்காவது கையெழுத்துப் போட்டுறேன், ஹெப்சி."

"நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் போடுதேன்" என்றேன், கண்ணைப் பார்த்து.

அவர் நம்பிவிட்டார். கண்ணைப் பார்த்துச் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு இது தெரியாமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 21, புதன்

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கோர்ட் ஹாலில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஜட்ஜ் ஒரு அம்மா. இவர் என் பின்னால் நின்றார். கனகவேல் கடைசி பெஞ்சில், வேறு ஏதோ வழக்குக்கு வந்தவர் போல.

அமீனா சொத்து விவரத்தை வாசித்து, "ஆரம்ப விலை தொண்ணூறு லட்சம். கேக்கிறவங்க கேக்கலாம்" என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணனும்தான். ஒரு நிமிடம் போனது. அவர் கேட்கவே போவதில்லை, பொது ஏலத்துக்கு விட்டுவிட்டு வெளியே கனகவேலோடு முடித்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறக்கப் போனேன்.

"தொண்ணூத்தொண்ணு" என்றார் அண்ணன்.

"தொண்ணூற்றொரு லட்சம். ஒரு தரம்."

இவர் என் முதுகில் விரலால் குத்தினார். "கேளு. தொண்ணூத்தாறு."

நான் அசையவில்லை.

"ரெண்டு தரம்."

"ஹெப்சி! என்ன செய்த? கேளு!"

ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரெண்டாவது பங்குதாரர் நீங்கதானம்மா? மேல கேக்குறீங்களா?"

"இல்லம்மா."

"ஒங்க தங்கச்சிக்கும் நீங்கதான் பவர். அவங்க சார்பா ஏதாவது கேக்கணுமா? வெல கம்மின்னு ஆட்சேபம் ஏதும் உண்டா?"

இப்படிக் கேட்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அவளுக்குச் சம்மதம்" என்றேன்.

"மூணு தரம்."

முடிந்தது. கையெழுத்து இரண்டு இடத்தில் போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று பியூலாவுக்கு. வெளியே வந்தபோது இவரும் இல்லை, வெள்ளைக் காரும் இல்லை. அண்ணன் என்னைத் தாண்டிப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது பார்த்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். இல்லையென்றால் வேறு எதற்காக?

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 22

"கனகவேலுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எம் மானம் போச்சு" என்றார் இவர். பேசியது அவ்வளவுதான்.

"நாகர்கோவில்ல அந்த வீடு, மூணு பெட்ரூம்னு சொன்னீங்களே. யார் கட்டுனது?" என்று கேட்டேன்.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. பேப்பர்க்காரனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். தண்ணீர்க் கேன் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் இருக்கும்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

நவம்பர் 2

அண்ணனிடமிருந்து போன் இல்லை. நான் இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. நினைத்தபடியே ஆயிற்று. ஏலத்துக்கு முந்தின வாரமே என் சேமிப்பிலிருந்து கொடுத்த பத்து லட்சத்தையும் வாங்கிக்கொண்டு என்னை முட்டாளாக்கிவிட்டார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. மைனி சாட்சி சொல்வாளா?

நவம்பர் 7

அண்ணன் வந்தார். இவர் வெளியே போயிருந்த நேரம். மைனிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனாம், ஆஸ்பத்திரியில் இருந்ததால் போன் எடுக்க முடியவில்லையாம். கையில் ஒப்பந்தப் பத்திரம். வீட்டில் பாதி எனக்கு, தோட்டத்திலும் பாதி. சாட்சியாக மைனியின் கையெழுத்தோடு.

நாலு தடவை வாசித்தேன். ஓட்டை எதுவும் இல்லை.

"இன்னும் என்னட்டி பாக்க?" என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது.

மைனியைப் பார்க்கப் போக வேண்டும். ஆர்லிக்ஸ் வாங்கிப் போகலாம்.

நவம்பர் 25

பியூலாவின் பங்கை அண்ணன் கோர்ட்டில் கட்டி, அவள் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முப்பது லட்சத்து முப்பத்து மூவாயிரம் சொச்சம். சாயங்காலம் போன் செய்தாள்.

"அவ்வளவுதானாக்கா?"

"மார்க்கெட் படுத்துக் கெடக்கு. வழக்குச் சொத்துன்னா யாரும் கூடக் கேக்க மாட்டாங்க. நான் எவ்வளவோ பாத்தேன்."

"சரிக்கா. நீ இருந்ததாலதான் இதாவது கெடச்சுது. மார்த்தாண்டத்து வீட்டுக்கு இது காணாது. எட்வின் வேற ஆளுக்கு விட்டுறச் சொல்லிட்டாரு. நான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பரவாயில்ல, ரெண்டு வருசந்தான."

முட்டுக்கு முடவாட்டுக்கால் சூப் நல்லது என்று சொன்னேன். அங்கே கிடைக்காதாம். அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 15

பல நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மைனியின் ஆஸ்பத்திரிச் செலவில் அண்ணன் திணறிப் போய்விட்டார். வீட்டுக் கூரையிலும் ஒழுக்கு. கனகவேல் மறுபடி வந்தார். இந்தத் தடவை கடனோடு இல்லை, ரொக்கத்தோடு. பின்தோட்டம் மட்டும். இவர்தான் பேசி முடித்தார். இவருக்கும் எனக்கும் இப்போது சகஜமாகத்தான் இருக்கிறது. கண்ணாடி இவருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று நானே சொன்னேன்.

இன்று பத்திரப்பதிவு. தொகையை இங்கே எழுத வேண்டாம் என்று இருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டதே, யாருக்காக எழுத? வீடு நம்மிடமே இருக்கிறது. தோட்டத்தில் யார் நடந்தார்கள், முள்ளும் புதருமாகத்தானே கிடந்தது.

மார்ச் 7, ஞாயிறு

பியூலா போன் செய்தாள். வழக்கமாக வீடியோவில் வருவாள். இன்று வெறும் குரல்தான்.

"பின்தோட்டத்த வித்தாச்சாக்கா?"

"ஆமா. அண்ணனுக்குக் கஷ்டம். மைனிக்கு ஆபரேஷன்."

"ஒனக்கும் அதுல பாதியாமே?"

நான் குக்கரை இறக்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனைக் கீழே வைத்தேன். அடுப்பில் குக்கர் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எடுத்தேன். அவள் காத்திருந்தாள்.

"அக்கா, அன்னைக்குக் கோர்ட்ல நீ எத்தன தரம் கேட்ட?"

"கேட்டேன் பியூலா. எவ்வளவோ கேட்டேன். அண்ணன் விடல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. அப்புறம், "சரிக்கா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

யார் சொல்லியிருப்பார்கள்? ரோஸ்லினுக்குப் பத்திரப்பதிவு தெரியும், ஆனால் பாதிக் கணக்கு தெரியாது. அது தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். அண்ணன் சொல்ல மாட்டார். இவர் சொல்லியிருக்கலாம்; கமிஷன் குறைந்த கோபம் இருக்கிறது. மைனி படுக்கையில் கிடந்து மனசு இளகி உளறியிருக்கலாம். அன்றைக்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். எட்வின் வேறு போன வாரம் கோர்ட் பக்கம் நின்றதாக வக்கீல் குமாஸ்தா சொன்னான்.

பியூலா தானாக இப்படிக் கேட்கிற பிள்ளை இல்லை. யாரோ அவள் மனசைக் கெடுத்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்காமல் விடப் போவதில்லை.